கட்டைவிரல் நகம்

சின்னவளுக்கு வயது நாற்பத்துமூன்று. கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள், காதோரம் நரை இருக்கிறது, ஆனாலும் கிதார் உலகத்தில் அவள் சின்னவள்தான். ஏனென்றால் அவளுக்கு மேலே ஒரு பெரியவன் இருந்தான். அண்ணனும் தங்கையுமாக இரண்டு கிதாரோடு இருபத்திரண்டு வருடம் ஜோடியாக மேடையேறியவர்கள். சுவரொட்டியில் இரண்டு பேருடைய பெயரும் முழுசாக அச்சாகியிருக்கும்; யார் படித்தார்கள்? “இன்னைக்குப் பெரியவனும் சின்னவளும் வாசிக்கிறாங்க, போலாமா?” என்றுதான் ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

பெரியவன் போய் எட்டு மாதம் ஆகிறது. வரும் சனிக்கிழமை மாலை ஆறரைக்கு அவன் நினைவாக ஒரு நிகழ்ச்சி. அவனுக்காகவே புதிதாக எழுதப்பட்ட ஒன்பது நிமிட இசையைச் சின்னவள் ஒற்றைக் கிதாரில் தனியாக வாசிக்க வேண்டும். விரலுக்கு அதில் பெரிய வேலை ஒன்றுமில்லை. இசைப்பள்ளியில் அவளிடம் படிக்கிற இரண்டாம் வருடத்துப் பிள்ளைகளே தட்டுத்தடுமாறி வாசித்துவிடுவார்கள். சின்னவளுக்கு இருந்த தொல்லை வேறு. அவளுக்கு ஆரம்பிக்க வரவில்லை.

சிரிக்காதீர்கள். ஜோடியாக வாசிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், தெரியும். இரண்டு கிதாரும் ஒரே நொடியில் ஒலிக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் பிள்ளையார் சுழி போட்டாக வேண்டும். முன்னால் நின்று குச்சி ஆட்ட ஆள் கிடையாது. பெரியவன் தலையைக் கொஞ்சம் தூக்குவான், மூக்கால் சர்ரென்று ஒரு மூச்சு இழுப்பான், தலை இறங்கும்போது இரண்டு கிதாரும் சேர்ந்து ஒலிக்கும். அவன் ஆரம்பிப்பான், இவள் சேர்ந்துகொள்வாள். மேடையில் மட்டுமா? ஹோட்டலில் உட்கார்ந்தால், அவன் என்ன கேட்கிறான் என்று பார்த்துவிட்டு “எனக்கும் அதேதான்” என்பாள். மாப்பிள்ளை பார்த்தபோதுகூட “ஆளு பரவால்லடி” என்று அண்ணன் சொன்ன பிறகுதான் அந்த ஆள் பரவாயில்லை என்று இவளுக்குத் தோன்றியது.

இந்த லட்சணத்தில், எழுதிக்கொடுத்தவள் என்ன எழுதிக்கொடுத்திருந்தாள் தெரியுமா? அவள் பெரியவனோடு ஒன்றாகப் படித்தவள், இசை எழுதுவதே தொழில். ஆள் ஐந்தடிகூட இருக்கமாட்டாள், பேச்சு மட்டும் சுரீரென்று உறைக்கும். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் கடுகு என்பதே அவள் பெயராகிவிட்டது. அவள் எழுதியதில் முதல் பக்கம் முழுக்க முப்பத்தொரு ஒற்றை ஒலிகள். இருப்பதிலேயே தடித்த கம்பியை வழக்கத்தைவிடத் தளர்த்தி வைத்துக்கொண்டு கட்டைவிரலால் ஒரே ஒரு தடவை மீட்ட வேண்டும். அது முழுசாக அடங்குகிறவரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அடங்கிய பிறகு அடுத்தது. தாளம் கிடையாது, கணக்கு கிடையாது. தாளின் தலையில் ‘எண்ணாதே’ என்று எழுதி இரண்டு அடிக்கோடு வேறு போட்டிருந்தாள். ஆக, ஒரு தடவை ஆரம்பிக்கவே வராதவள் ஒரே பக்கத்தில் முப்பத்தொரு தடவை ஆரம்பிக்க வேண்டும்.

திங்கட்கிழமை கடுகின் வீட்டில் ஒத்திகை. சின்னவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், நாற்காலியை மாற்றினாள். இடது காலுக்குப் போடும் சின்னப் பலகையை ஒரு படி ஏற்றினாள், அரைப்படி இறக்கினாள். ஜன்னலை மூடச் சொன்னாள், திறக்கச் சொன்னாள். கம்பி புதுசு, சுருதியில் நிற்க மாட்டேன் என்கிறது என்றாள்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றாள் கடுகு. “வாசி.”

வாசித்தாள். முதல் ஒலிக்கே ஒரு யுகம் ஆனது. நாலாவது ஒலிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கிளப்பி, பின்னால் எடுத்து, கதவைப் பூட்டினோமா என்று இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தெருமுனையைத் தாண்டியே போய்விட்டார்.

“யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கே?” என்றாள் கடுகு.

“யாருக்கும் இல்லக்கா. சத்தம் அடங்கட்டும்னு...”

“சத்தம் அடங்கி, பொதைச்ச எடத்துல புல்லு மொளச்சாச்சு. நீ அவனைப் பாத்துக்கிட்டிருக்கே. உன் கண்ணு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியலையா? இடது பக்கம், அவன் தலை இருக்கிற உயரத்துக்குப் போகுது.”

சின்னவள் கண்ணை இறக்கிக் கம்பியைப் பார்த்தாள்.

“ஒவ்வொண்ணுக்கும் அழுதுகிட்டே எழுதினேன்டி இதை. நீ பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி வாசிக்கிறே.” கடுகின் குரல் கரகரத்தது. கரகரத்ததற்காக அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. “முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. வேற ஆளைப் பாத்துக்கறேன். நெஜமாத்தான் சொல்றேன்.”

“முடியும்க்கா.”

வேறு யாரோ வந்து உட்கார்ந்து தன் அண்ணனுக்காக வாசிப்பதைச் சின்னவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவனுக்குச் செய்ய இனி இது ஒன்றுதான் மிச்சம். இதையும் விட்டால் பிறகு என்ன தங்கை?

செவ்வாய்க்கிழமை முழுக்கக் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றினாள். கிதாரை எடுப்பாள், வைப்பாள். அலமாரியைத் திறப்பாள், எதற்குத் திறந்தோம் என்று யோசித்துவிட்டு மூடுவாள். சாயங்காலம் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருடமாக லிஃப்ட் குழிக்குள் நின்று மேல் மாடி ஆளுக்குக் கேட்கும்படி கத்தியே பழகிய மனிதர்.

“என்னங்க, இப்படி உக்காந்து ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்க. மூணுக்கு நான் ஆரம்பிச்சுக்கறேன்.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒண்ணேய்... ரெண்டேய்... ஏத்து!”

சின்னவளின் மடியிலிருந்து கிதார் நழுவப் பார்த்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. “நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே,” என்றார் அந்த மனுஷர், பாவம்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதும் ஒரு காரணம். பெரியவன் போனதும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். அன்று காலை பத்து மணிக்கு இதே அறையில்தான் ஒத்திகை. வரும்போதே அவன் முகம் சரியாக இல்லை. பாதி வாசித்துவிட்டு நிறுத்தினான். இடது தோளை உருட்டினான், காலரைத் தளர்த்தினான், இவளைப் பார்த்தான். “என்னண்ணா?” என்றாள். “ஒண்ணுமில்ல, ராத்திரி தூக்கம் சரியில்ல.” அவள் காத்திருந்தாள். அவன் தலையைத் தூக்கி, மூச்சை இழுத்து, மறுபடி ஆரம்பித்தான். இப்படி மூன்று தடவை. நிறுத்துவான், அவளைப் பார்ப்பான், மறுபடி ஆரம்பிப்பான். பதினொன்றரைக்குக் கிதாரைப் பெட்டியில் வைத்தான். “நாளைக்குப் பாக்கலாம்டி,” என்றான். மதியம் மூன்று மணிக்கு அவன் வீட்டுச் சோபாவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தப் புண்ணியவான்கள் அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

எட்டு மாதமாக ஒரே ஒரு துரும்பைப் பிடித்துக்கொண்டுதான் சின்னவள் மிதந்தாள். ஆரம்பித்தது அவன்தானே? மூன்று தடவையும் தலையைத் தூக்கியது அவன்தானே? முடியாதவன் ஆரம்பிப்பானா? வாசி என்று நான் ஒரு வார்த்தை சொன்னேனா? இந்தக் கேள்விகளைத் தினமும் தனக்குள் கேட்பாள், தினமும் நான் காரணம் இல்லை என்று பதில் வரும், அப்புறம்தான் சோறு இறங்கும்.

புதன்கிழமை அண்ணியிடம் போனாள். அண்ணி பல் டாக்டர். ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறை கிளினிக். பெரியவன் போன மூன்றாம் வாரமே ஞாயிற்றுக்கிழமையும் திறக்க ஆரம்பித்துவிட்டாள். ஊர் வாயைப் பிளந்தது என்று சொல்லலாம். அவளிடம் வருகிறவர்கள் அதற்குத்தானே வருகிறார்கள். எட்டு மாதத்தில் அண்ணி அழுது யாரும் பார்த்ததில்லை. அந்த நாளைப் பற்றி அவளும் பேசியதில்லை, இவளும் கேட்டதில்லை.

“அண்ணி, சனிக்கிழமை நீங்க முதல் வரிசைல உக்காந்துக்கோங்க. நான் உங்களைப் பாப்பேன், நீங்க லேசா தலையாட்டினா போதும், நான் ஆரம்பிச்சுடுவேன். முப்பத்தொரு தடவை.”

“நான் என்ன பூம்பூம் மாடா?”

“வேற யாரைக் கேப்பேன் நான்?”

அண்ணி கழுவிய கருவிகளைத் தட்டில் அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். “நான் வர்றதே சந்தேகம். யாராவது கேஸ் வரும்.”

“சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கா?”

“பல்லுவலி நேரம் பாத்தா வருது?” என்றாள் அண்ணி வெடுக்கென்று. சொல்லிவிட்டு, சூடு பட்டதுபோல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “போ, வெளிய ஆளுங்க உக்காந்திருக்காங்க.”

அண்ணியும் கைவிட்டாயிற்று. வியாழக்கிழமை காலையில் சின்னவளுக்கு ஒரு யோசனை வந்தது. திருட்டு யோசனைதான், இல்லையென்று சொல்லவில்லை. காதுக்குள் அடங்குகிற குட்டி இயர்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு, முடியை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டு, அண்ணனுடைய மூச்சையே அதில் ஓடவிட்டால்? அவன் இழுக்கட்டும், இவள் வாசிக்கட்டும். கடுகுக்குத் தெரியவா போகிறது?

ஜோடியாக அவர்கள் வெளியிட்ட ஆறு இசைத்தட்டுகளும் ஒரே இடத்தில் பதிவானவை. டைல்ஸ் கடை ஒன்றின் அடித்தளத்தில், சுவரெல்லாம் பஞ்சுமெத்தை ஒட்டிய அறை. ஒலிப்பதிவுக்காரர் வாயில் கொழுக்கட்டையை அடக்கி வைத்திருப்பவர் மாதிரி, பேசவே மாட்டார். நாள் முழுக்க வேலை நடந்தாலும் “ம்”, “மறுபடி”, “டீ?” என்ற மூன்று வார்த்தைகளில் முடித்துவிடுவார்.

“சார், எனக்கு அண்ணன் மூச்சு வேணும்,” என்றாள் சின்னவள்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “என்ன வேணும்?”

விளக்கினாள். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரைக் கும்பிடலாம். வெட்டாத, திருத்தாத பழைய பதிவுகளைத் தேடியெடுத்தார். கம்ப்யூட்டர் திரையில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டு பேருக்கும் தனித்தனி மைக். மேலே இருப்பது அண்ணன், கீழே இருப்பது இவள். ஒலிக்கவிட்டார்.

சர்ரென்று ஒரு மூச்சு. அறைக்குள் பெரியவன் வந்து உட்கார்ந்துவிட்டான். சின்னவள் தன்னையறியாமல் முதுகை நிமிர்த்தினாள். இன்னொரு மூச்சு, இன்னொன்று. “இது போதும் சார், இதையே வெட்டிக் குடுத்துடுங்க,” என்றாள்.

“இரும்மா.” அவர் கோட்டைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். “இது என்ன?”

கீழ்க்கோட்டில், அதாவது இவள் கோட்டில், குண்டூசித் தலையளவு ஒரு மேடு. ஒலியைக் கூட்டி அதை மட்டும் ஓடவிட்டார். டிக்.

“உன் நகம்தான். மீட்டுறதுக்கு முன்னால கட்டைவிரலைக் கம்பி மேல கொண்டு வெக்கிறே பாரு, அப்ப நகம் படுற சத்தம். இப்ப மேல பாரு. டிக்குக்கு அப்புறம்தான் அவர் மூச்சு இழுக்கிறாரு. அடுத்ததைப் பாரு. டிக், மூச்சு. இதையும் பாரு.”

நாற்பது இடம் பார்த்தார்கள். நாற்பதிலும் முதலில் டிக், பிறகு மூச்சு, பிறகு இரண்டு கிதார். ஓரிடத்தில் இவள் நகத்தை வைத்துவிட்டு எடுத்திருந்தாள். அங்கே அவன் பாதி மூச்சில் நின்றிருந்தான். இவள் மறுபடி வைத்தாள். டிக். அவன் மறுபடி இழுத்தான்.

“இந்த டிக்கைத் தேடித் தேடி அழிக்கிறதுதான் இத்தனை வருஷமா என் வேலை,” என்றார் ஒலிப்பதிவுக்காரர். “மூச்சை விட்டுவெப்பேன், கேக்க உயிரா இருக்கும். அதனால தட்டுல கேட்டா அவர் ஆரம்பிக்கிற மாதிரி இருக்கு. ஆரம்பிச்சதெல்லாம் நீதாம்மா. உனக்கு எதுக்கு இயர்போன்?”

மனுஷர் நல்ல சேதி சொல்லிவிட்டோம் என்ற நிறைவில் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். இவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

“வீட்ல ஒத்திகை பாக்கும்போதும் இப்படித்தான் இருந்திருக்குமா சார்?”

“கை அதே கைதானே? வேற எப்படி இருக்கும்?”

சின்னவள் எழுந்தாள். பையை மறந்து வெளியே போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அண்ணன் நிறுத்தியபோது அவள் காத்திருந்தாள், சரி. எப்படிக் காத்திருந்தாள்? கட்டைவிரலைக் கம்பியின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நிறுத்தினான், தோளை உருட்டினான், இவள் முகத்தைப் பார்த்தான். இவள் நகத்தை வைத்தாள். அவன் மூச்சை இழுத்தான். மூன்று தடவை. வாசி என்று வாயால் சொல்லவில்லை, வாஸ்தவம். நகத்தால் சொல்லியிருக்கிறாள்.

பஸ்ஸில் ஏறினாள், இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே உட்காரப் பிடிக்காமல் இறங்கி நடந்தாள். நடை ஓட்டமானது. கிளினிக் படியேறிக் கதவைத் தள்ளியபோது அண்ணி ஒரு தடித்த ஆளின் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான் அண்ணி. நான்தான் அவனை வாசிக்க வெச்சேன். நான்தான் கொன்னேன்.”

நாற்காலியில் மல்லாந்திருந்த ஆளின் கண்கள் அகலமாகின. அண்ணி அவரைக் கைகொடுத்து எழுப்பினாள். “பஞ்சைக் கடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் வெளிய உக்காருங்க.” கதவைச் சாத்தினாள். “என்ன உளர்றே?”

சின்னவள் எல்லாவற்றையும் கொட்டினாள். டிக், மூச்சு, மூன்று தடவை, அவன் பார்த்த பார்வை. சொல்லும்போது அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தாள். அண்ணி கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினாள். கழற்றி முடித்ததும் நோயாளி நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்குக் காலைல பல்லு தேய்க்கும்போது, தாடை வலிக்குதுடின்னாரு.”

சின்னவள் நின்றாள்.

“இடது பக்கம், கீழ. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஜன்னல் பக்கமா நிக்கவெச்சு வாயைத் திறக்கச் சொன்னேன். ஸ்பூன் காம்பால ஒவ்வொரு பல்லாத் தட்டினேன். இங்க வலிக்குதா, இங்க வலிக்குதான்னு கேட்டேன். எங்கயும் இல்லன்னாரு. சரி, வியாழக்கிழமை கிளினிக்குக்கு வாங்க, படம் எடுத்துப் பாக்கலாம்னேன். வியாழக்கிழமை! கட்டின புருஷனுக்கு அப்பாயிண்ட்மென்ட் குடுத்தேன்டி நான்!”

“அண்ணி...”

“நெஞ்சுல வர்ற கோளாறு தாடைல வலியாத் தெரியும். படிச்சிருக்கேன். பரீட்சைல எழுதி மார்க் வாங்கியிருக்கேன். தெருவுல போறவன் வந்து சொல்லியிருந்தா அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்குத் தொரத்தியிருப்பேன். வீட்டு ஆளு சொன்னதும் எனக்குப் பல்லுதான் தெரிஞ்சுது. வேற ஒண்ணும் தெரியல.”

எட்டு மாதமாக யாரும் பார்க்காத அழுகை அப்போது வந்தது. அழகான அழுகையெல்லாம் இல்லை. மூக்கு ஒழுக, வாய் கோணிக்கொள்ள, அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. சின்னவள் சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து உருண்டு அவளிடம் போனாள். ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். உன்மேல் தப்பில்லை என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வார்த்தையை ஒருத்தி சொன்னால் இன்னொருத்தியும் திருப்பிச் சொல்ல வேண்டிவரும். இரண்டு பேருக்கும் அதற்கு வாய் வரவில்லை.

கதவு தட்டப்பட்டது. பஞ்சு அடைத்த வாயோடு ஒரு குரல்: “டாக்கா, பஞ்சைத் துப்பலாமா?”

“முழுங்கிடாதீங்க, இதோ வர்றேன்!” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கத்தினாள் அண்ணி. இரண்டு பேருக்கும் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்து தொலைத்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணி சொன்னாள்: “அவருக்குத் தெரியும்டி. ‘ஆரம்பிக்கிறது அவதான், அவளுக்கே தெரியாது, நீ சொல்லித் தொலைச்சுடாதே, தெரிஞ்சா பயந்துடுவா’ன்னு ஒரு தடவை சொன்னாரு. விளையாட்டுக்குச் சொல்றாருன்னு விட்டுட்டேன்.”

“தெரிஞ்சுமா அன்னைக்கு வாசிச்சான்? முடியலன்னா முடியலன்னு சொல்ல வேண்டியதுதானே அண்ணி?”

“நீ கேட்டே, வாசிச்சாரு. உனக்கு என்னைக்கு அவர் மாட்டேன்னு சொல்லியிருக்காரு?”

சின்னவள் யோசித்துப் பார்த்தாள். ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கிதாரைத் தொடவில்லை. நகவெட்டியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கிதார் வாசிக்கிறவளுக்கு வலது கை நகம் என்றால் உயிர். பாத்திரம் தேய்க்கக்கூட விடாமல் இருபத்தைந்து வருடம் பொத்திப் பொத்தி வளர்த்த நகம். கட்டைவிரல் நகத்தை வெட்டியின் வாயில் வைத்தாள். ஒரு அழுத்து அழுத்தினால் போதும், சனிக்கிழமை வாசிக்க முடியாது, பிறகு யாரும் ஒன்றும் கேட்க முடியாது. எடுத்தாள், மறுபடி வைத்தாள். வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்தார். “அத இப்படிக் குடு, பனியன்ல நூலு தொங்குது,” என்று வாங்கி, நூலை வெட்டிக்கொண்டு, வெட்டியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. நூற்றிருபது நாற்காலி, பின்னால் சுவரோரம் நிற்கிறவர்கள் வேறு. கடுகு ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு, அடிக்கப் போகிறவள் போல நின்றாள். அண்ணி வந்திருந்தாள். முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் அவள் முகத்தைப் பார்த்தாள். அண்ணி தலையாட்டவில்லை, பார்த்தபடி இருந்தாள்.

இசைப்பள்ளி முதல்வர் மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடுகிற வழியாக இல்லை. பெரியவனைத் தாம் முதன்முதலில் சந்தித்ததிலிருந்து தொடங்கி, தமக்கு அப்போது இருந்த பதவி, அதற்கு முன்பு இருந்த பதவி என்று போய்க்கொண்டே இருந்தார். மேடை நடுவில் சின்னவள் கிதாரோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலை ஒரு தடவை பார்த்தாள். இடது பக்கம் பார்க்கவில்லை.

“அன்னாரது மறைவு நம் எல்லோருக்கும் ஈடு செய்ய...” என்று முதல்வர் குரலை உயர்த்தினார்.

சின்னவள் கட்டைவிரலைக் கம்பியின்மேல் வைத்தாள். டிக்.

மூச்சு வரவில்லை. அது வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, முதல்வரின் பேச்சுகூட அவள் காதில் இல்லை. இத்தனை நாள் அவள் கண்ணால் தேடிக்கொண்டிருந்ததை இப்போது காதால் கேட்டாள். வாசிக்கலாமா அண்ணா என்று நகம் கேட்டிருக்கிறது. அவன் பதில் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, கூட வாசிக்க அவன் மாட்டேன் என்கிறான்.

அவள் மீட்டினாள்.

தளர்ந்த கம்பியின் அந்தக் கனத்த ஒலி அரங்கத்துக்குள் இறங்கியது. முதல்வர் ‘முடியாத’ என்பதில் வாயைத் திறந்தபடி நின்று, மைக்கைப் பொத்திக்கொண்டு, பூனை நடை நடந்து இறங்கிப் போனார். யாரும் சிரிக்கவில்லை. ஒலி மெலிந்தது, இழையாகியது, போயிற்று.

டிக். மாட்டேன் என்றான். மீட்டினாள்.

ஆறாவதில் கன்னம் நனைந்தது. துடைக்கக் கை இல்லை, விட்டுவிட்டாள். பத்துக்கு மேல் எத்தனையாவது என்று தெரியவில்லை. எண்ணாதே என்றுதானே எழுதியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் அவன் சொல்கிறவரை பொறுத்திருந்தாள். நல்லாச் சொல்லு அண்ணா, என்று மனசுக்குள் சொன்னாள், அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கக்கூடாதா. முதல் வரிசையில் அண்ணி தன் இடது தாடையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தின் அடியில் கடைசி ஒலி இருந்தது. சின்னவள் கட்டைவிரலை வைத்தாள், கேட்டாள். அண்ணன் மாட்டேன் என்றான். “சரிண்ணா,” என்று சொல்லிவிட்டு அவள் வாசித்தாள்.